மழை நாளின் சம்பளம்: பிரான்சின் கட்டடத் தொழிலாளர் காலநிலை இழப்பீடு பற்றிய மதிப்பீடு

பிரான்சில் கட்டட வேலைக்குப் போகும் தமிழர்களில் பலர், தாங்கள் எந்த நிதியத்தின் பயனாளிகள் என்பதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறார்கள். சே.இ.பே.தே.பே. (CIBTP) என்று சுருக்கமாக அழைக்கப்படும், கட்டடத் துறையின் விடுமுறைக்கும் காலநிலை இழப்பீட்டுக்குமான அந்த நிதியத்தை விடுமுறைச் சம்பளம் தரும் இடமாக மட்டுமே பெரும்பாலானவர்கள் அறிந்திருக்கிறார்கள். கட்டடத் தளத்தில் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பேதேபே (BTP, கட்டடம் மற்றும் பொதுப்பணித் துறை) அடையாள அட்டையை வழங்குவதும் இதே நிதியந்தான் என்பது சிலருக்குத் தெரிந்திருக்கும். மழை, பனி, உறைகுளிர், பலத்த காற்று, வெள்ளம் ஆகியவற்றால் வேலை நிற்கும்போது கொடுக்கப்படும் இழப்பீடும் அதே நிதியத்தின் வழியாகவே நடக்கிறது. சம்பளச் சீட்டில் 'அந்தம்பெரி' (மோசமான காலநிலை) என்ற பெயரோடு வரும் இந்த இழப்பீடு ஒரு சேவை என்ற முறையில் எப்படி இயங்குகிறது, எங்கே தொழிலாளியைக் கைவிடுகிறது என்பதை எழுதுவதே இந்த மதிப்பீட்டின் நோக்கம். ஓடு பதிப்பிலும் வெளிச்சுவர்ப் பூச்சிலும் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையிலும், சக தொழிலாளர்களின் சம்பளச் சீட்டுகளை அவர்களோடு அமர்ந்து வாசித்துக்கொடுப்பவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். புள்ளி கொடுக்கச் சொன்னால் சட்டத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். அந்தச் சட்டம் ஒரு சிறிய நிறுவனத்தின் தளத்தில் நடைமுறையாகும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க என்னால் முடியாது.

திட்டத்தின் வயது சிறியதன்று. சம்பளத்துடனான விடுமுறை 1936இல் சட்டமானபோது, ஒரே ஆண்டில் பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்யும் கட்டடத் தொழிலாளிக்கு அந்த விடுமுறையை யார் கொடுப்பது என்ற சிக்கல் எழுந்தது. அதைத் தீர்க்க 1937இல் உருவானவையே இந்த நிதியங்கள். போர் முடிந்து நாட்டை மீண்டும் கட்டியெழுப்பிய காலத்தில், 1946 ஒக்டோபர் 21ஆம் திகதிச் சட்டம் காலநிலை இழப்பீட்டையும் கொண்டுவந்தது. வானம் கெட்டதற்கான செலவை ஒரு தொழிலாளியோ ஒரு முதலாளியோ தனியே சுமக்காமல், தொழில் முழுவதும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இதற்கான பங்களிப்பை முதலாளிகள் மட்டுமே கட்டுகிறார்கள். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கப்படுவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'நீ கட்டாத காசை எப்படிக் கேட்பாய்' என்று முதலாளி சொன்னதை நம்பி வாய்மூடி இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

கணக்குக்கு வருவோம். நின்றுபோன ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சம்பளத்தின் 75 வீதம் இழப்பீடாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வாரத்தில், அல்லது தொடர்ச்சியான ஒரு நிறுத்தத்தில், முதல் மணித்தியாலத்துக்கு எதுவும் கிடையாது. நாளுக்கு 9 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், ஆண்டுக்கு 55 நாள் என்பவை உச்ச வரம்புகள். மணித்தியாலத்துக்கு 12 யூரோ பெறும் ஒருவர் நாளுக்கு 7 மணித்தியாலம் வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முழுவதும் மழையால் வேலை நின்றால், முதல் மணித்தியாலம் போக மீதி 6 மணித்தியாலத்துக்கு 9 யூரோ வீதம் 54 யூரோ வரும். வேலை நடந்திருந்தால் அன்றைய சம்பளம் 84 யூரோ. அந்த வாரம் முழுவதும் வேலை நடக்கவில்லை என்றால் 34 மணித்தியாலத்துக்கு 306 யூரோ வரும். முழுச் சம்பளம் 420 யூரோவாக இருந்திருக்கும். ஆக, நீண்ட நிறுத்தத்தில் முதல் மணித்தியாலத்தின் இழப்பு பெரிதாகத் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு மணித்தியாலம் மட்டும் வேலை நிற்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அது கடிக்கிறது. அப்போது இழந்த இரண்டு மணித்தியாலத்தின் 24 யூரோவுக்குப் பதிலாக 9 யூரோவே கைக்கு வருகிறது. பெரிய புயலுக்கு நன்றாகவும் சில்லறை மழைக்கு மோசமாகவும் வேலை செய்யும் ஏற்பாடு இது. பாரிஸ் வட்டாரத்தில் பெய்வதோ பெரும்பாலும் சில்லறை மழை.

இருந்தாலும் இந்த 75 வீதத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஊரில் மேசன் வேலைக்குப் போன எவருக்கும் மழை நாள் என்றால் கூலி இல்லாத நாள். சீமெந்து மூட்டையை நனையாமல் மூடிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதுதான் வழக்கம். இந்தியாவில் இயற்கைப் பேரிடரால் வேலை நிறுத்தப்பட்டால் பாதிச் சம்பளம் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கே எழுதப்பட்டது. சாரத்தில் நிற்கும் நாட்கூலிக்கு அது எட்டவே இல்லை. அந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்களுக்கு, வேலை செய்யாத மணித்தியாலத்துக்கும் சம்பளச் சீட்டில் ஒரு வரி இருக்கும் என்பதே நம்ப முடியாததாக இருக்கிறது. நம்பாததால் கேட்பதும் இல்லை.

இனித் தகுதிக்கான நிபந்தனை. வேலை நிறுத்தப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களில் கட்டடத் துறை நிறுவனங்களில் குறைந்தது 200 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். ஒரே நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. முந்திய முதலாளியிடம் செய்த மணித்தியாலங்களும் சேரும். பல ஆண்டு வேலையில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வதிவிட அனுமதி கிடைத்து, முதல் ஒப்பந்தத்தில் டிசம்பர் நடுப்பகுதியில் கையெழுத்திட்டு, சனவரி முதல் வாரத்துப் பனியைச் சந்திக்கும் ஒருவருக்கு இது மூடிய கதவு. குளிர் உடை வாங்கவும் அறை வாடகை கட்டவும் மிகவும் திணறும் மாதத்தில்தான் அவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த நிபந்தனையில் திருத்தம் தேவை என்பது என் உறுதியான கருத்து.

எந்தக் காலநிலை கணக்கில் வரும் என்பதில் சட்டம் பரந்த மனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளியின் உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பார்க்கும்போது, அல்லது வேலையின் தன்மையையும் தொழில்நுட்பத்தையும் பார்க்கும்போது, வேலையைத் தொடர்வது ஆபத்தானது அல்லது முடியாதது என்றால் போதும். மணிக்கு 72 கிலோமீற்றர் காற்றில் கோபுரக் கிரேன் நிறுத்தப்பட வேண்டும்; அதை நம்பி வேலை செய்யும் குழு சும்மா நிற்கும். உறைகுளிரில் குழைத்த சாந்து இறுகாமல் உறைந்துபோகும். வெயில் வந்ததும் பொடியாக உதிரும். இவை இரண்டும் காலநிலை நிறுத்தத்துக்கு நியாயமான காரணங்களே. நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது வெப்பம். 2003ஆம் ஆண்டு வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்த பின்னரும், கூரையில் தார்த்தாள் ஒட்டுபவருக்குக் கோடை ஒரு காலநிலைக் காரணமாக எழுத்தில் ஏறப் பல ஆண்டுகள் எடுத்தன. 2024 ஜூன் இறுதியில் வெளியான ஆணைதான் வெப்ப அலையை இந்தத் திட்டத்துக்குள் வெளிப்படையாகச் சேர்த்தது. பிரெஞ்சு வானிலை நிலையமான மெத்தேயோ பிரான்ஸ் வெளியிடும் செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகள் இப்போது தொழிலாளியின் சம்பளத்தோடு நேரடித் தொடர்பு உடையவை ஆகிவிட்டன.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 2025 மே 27ஆம் திகதி ஆணை. அது ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெப்ப எச்சரிக்கை நாட்களில் வேலை நேரத்தை மாற்றியமைப்பது, நிழலும் ஓய்வும் கொடுப்பது, குழாய்த் தண்ணீர் இல்லாத தளத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 லீற்றர் குடிநீர் வைப்பது ஆகியவை முதலாளியின் கடமை என்று அது விதிக்கிறது. நடைமுறைக்கு வந்த அதே ஜூலை 1ஆம் திகதி, பாரிஸ் உட்பட 16 மாவட்டங்கள் சிவப்பு எச்சரிக்கையில் இருந்தன. ஆணைக்கு இதைவிடக் கடுமையான முதல் நாள் அமைந்திருக்க முடியாது. காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கி நண்பகலுக்கு முன் முடித்த தளங்களும் இருந்தன. பிற்பகல் 3 மணிக்குத் தகரக் கூரையில் ஆட்களை வைத்திருந்த தளங்களும் இருந்தன. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

இந்த வேறுபாட்டுக்கான காரணம் திட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. வேலையை நிறுத்தும் முடிவு முதலாளியுடையது, அல்லது தளத்தில் அவருடைய பிரதிநிதியாக இருக்கும் மேற்பார்வையாளருடையது. தொழிலாளர் பிரதிநிதிகளைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரதிநிதிக் குழு 11 பேருக்குக் குறையாத நிறுவனங்களில்தான் இருக்கும். நம்மவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களில் பல நான்கைந்து பேரைக் கொண்டவை. அங்கே கலந்து பேச ஆளே இல்லை. பொது நிறுவனங்களுக்காகக் கட்டும் கட்டடமாக இருந்தால், கட்டுவிப்பவரின் பிரதிநிதியும் நிறுத்தத்துக்கு உடன்பட வேண்டும். தொழிலாளி தானாக நிதியத்துக்கு எழுதி 'நேற்று வேலை நின்றது' என்று பதிய வழி கிடையாது. முதலாளிதான் அறிவிக்க வேண்டும். வேலை மீண்டும் தொடங்கிய பின் 30 நாட்களுக்குள் அந்த அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். முதலில் முதலாளி வழக்கமான சம்பள நாளில் இழப்பீட்டைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும்; பிறகே நிதியம் முதலாளிக்கு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். முழுத் தொகையும் திரும்பி வராது என்பதாலும், படிவம் நிரப்பும் வேலை இருப்பதாலும், சிறிய முதலாளிகள் இந்த வழியையே தவிர்க்கிறார்கள்.

தவிர்க்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. 2024 நவம்பர் 21ஆம் திகதி பாரிஸ் வட்டாரத்தில் பனி கொட்டியது. நாங்கள் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தோம். காலையில் சாரத்தின் பலகைகளில் ஈரம் மட்டுமே இருந்தது. முற்பகலில் அவற்றின் மீது பனி படிந்து, கால் வைத்தால் வழுக்கியது. கலவை இயந்திரத்தின் குழாயில் தண்ணீர் வரத் தயங்கியது. மேற்பார்வையாளர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் இறங்கி வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் செய்தது மிகச் சரியான முடிவு. அன்றும் மறுநாளும் வேலை இல்லை. மாத முடிவில் வந்த சம்பளச் சீட்டில் அந்த மணித்தியாலங்கள் 'சம்பளமற்ற விடுப்பு' என்று பதியப்பட்டிருந்தன. நாங்கள் எவரும் விடுப்புக் கேட்கவில்லை. முதலாளியிடம் கேட்டபோது, பனிக்குத் தான் பொறுப்பில்லை என்றார். உண்மைதான், பனிக்கு அவர் பொறுப்பில்லை. அறிவிப்புக்கு அவரே பொறுப்பு. மேற்பார்வையாளர் அன்று காலை அனுப்பிய குறுஞ்செய்தி எங்கள் கைப்பேசிகளில் இருந்தது. அதைக் காட்டி எழுத்தில் கேட்ட பிறகே, அடுத்த மாதச் சீட்டில் திருத்தம் வந்தது. அந்தக் குறுஞ்செய்தி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'விடுப்பு' என்ற ஒரு சொல்லை மாற்றி எழுதுவதன் மூலம் ஒரு குழுவின் இரண்டு நாள் வருமானத்தையே இல்லாமல் செய்ய முடிகிறது என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

வேலை நேரம் தொடர்பான உரிமைகளையும் இந்த இடத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணத்தைவிட அதிகமான குழப்பம் இங்கேதான் இருக்கிறது. இழப்பீடு பெறும் நாட்களில் தொழிலாளி நிறுவனத்தின் அழைப்புக்கு உட்பட்டவராகவே இருக்கிறார். அந்தக் காலநிலையிலும் செய்யக்கூடிய வேறு வேலையை, எடுத்துக்காட்டாகக் கிடங்கைச் சீர்செய்வதையோ உள்அறை வேலையையோ, முதலாளி கொடுக்கலாம். அதற்கு முழுச் சம்பளம் தர வேண்டும். அதை மறுத்தால் இழப்பீட்டு உரிமை போய்விடும். அதே நாளில் வேறு முதலாளியிடம் கூலிக்குப் போனாலும் உரிமை போய்விடும். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் உள்ள கடையில் பகுதிநேரம் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இழந்த மணித்தியாலங்களைப் பின்னர் 'ஈடுசெய்யும்' வேலையாக வாங்கவும் சட்டம் முதலாளியை அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு: நிறுத்தத்துக்கு முன் அல்லது பின் 12 மாதங்களுக்குள் இருக்க வேண்டும், நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கும் வாரத்துக்கு 8 மணித்தியாலத்துக்கும் மேல் கூட்ட முடியாது, தொழில் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். இந்த மணித்தியாலங்களுக்குச் சாதாரணச் சம்பளமே உண்டு, மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. மழைக்காக ஒரு நாள் நின்றது என்று சொல்லி மூன்று சனிக்கிழமைகள் முழுநாளாகக் கூப்பிடும் முதலாளி, இந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்பதே அதன் பொருள்.

தொழிலாளியின் கையில் தனியாக இருக்கும் ஒரே கருவி, ஆபத்திலிருந்து விலகும் உரிமை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடுமையான, உடனடி ஆபத்து இருப்பதாகக் கருத நியாயமான காரணம் இருந்தால், முதலாளிக்கு எச்சரிக்கை செய்துவிட்டு அவர் அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காகச் சம்பளம் வெட்டவோ தண்டிக்கவோ கூடாது. இங்கே முதல் மணித்தியாலக் கழிவும் இல்லை, 25 வீத இழப்பும் இல்லை. பனி படிந்த சாரத்துக்கும் சூறாவளிக் காற்றில் ஆடும் கூரைக்கும் இது பொருந்தும். காரணம் நியாயமானதா என்பதைப் பின்னர் ஒரு நீதிபதி தீர்மானிக்கலாம் என்பதால், துணிந்து பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. மொழி தடுமாறும் ஒருவரிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

தற்காலிக வேலை முகவர் நிறுவனங்கள் வழியாகத் தளத்துக்கு வருபவர்களின் நிலை ஒரு விதத்தில் மேலானது. அவர்களுக்கு 200 மணித்தியால நிபந்தனை இல்லை. காலநிலையால் தளம் நின்றால் முகவர் நிறுவனமே இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே பனி பெய்தாலும் உரிமை உண்டு. ஆனால் 'இன்று தளம் இல்லை, நாளை அழைக்கிறோம்' என்று தொலைபேசியில் சொல்லி ஒப்பந்தமே இல்லாதது போல நடத்துவதையும் கண்டிருக்கிறேன். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முடிவுத் திகதி இன்னும் வரவில்லை என்றால், அந்தத் தொலைபேசி அழைப்பு எதையும் மாற்றாது. பதிவில்லாமல் கறுப்பில் வேலை செய்பவர்களுக்கோ நிதியத்தின் பார்வையில் இருப்பே இல்லை. உணவகச் சமையலறையில் 40 பாகைக்கு மேல் வேகும் நம்மவர்களும், மழையில் மிதிவண்டியில் உணவு கொண்டுபோகும் இளைஞர்களும் இந்தத் திட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இது கட்டடத் துறைக்கு மட்டுமான ஏற்பாடு.

அண்டை நாடான செருமனியை ஒப்பிட்டுப் பார்த்தால் பிரான்சின் பலமும் பலவீனமும் தெரியும். அங்கே 1959 முதல் நடந்துவந்த மோசமான காலநிலைக் கொடுப்பனவு 1995இன் முடிவோடு நிறுத்தப்பட்டது; இப்போதுள்ள பருவகாலக் குறுநேர வேலைக் கொடுப்பனவு 2006இல் வந்தது. அது டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கே உரியது. நிகரச் சம்பள இழப்பில் 60 வீதமும், பிள்ளை உள்ளவர்களுக்கு 67 வீதமும் கிடைக்கும். பிரெஞ்சுத் திட்டம் வீதத்தில் உயர்ந்தது, ஆண்டு முழுவதும் பொருந்துவது, கோடை வெப்பத்தையும் உள்ளடக்கியது. ஜூலையில் கூரையில் நிற்பவருக்கு இது பெரிய வேறுபாடு.

நிதியத்திடம் நான் எதிர்பார்க்கும் மாற்றம் ஒன்றே. எந்த நாளில் எந்த மாவட்டத்தில் எந்த நிற எச்சரிக்கை இருந்தது என்பது பொதுப் பதிவில் இருக்கிறது. தொழிலாளியின் பேதேபே அட்டை நிதியத்தின் கையிலேயே இருக்கிறது. செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலை நின்றது என்று தொழிலாளி தன் கணக்கில் பதியவும், அந்தப் பதிவுக்கு முதலாளி விளக்கம் தர வேண்டும் என்று நிதியம் கேட்கவும் ஒரு வழி அமைப்பது கடினமான காரியம் அன்று. அது வரும்வரை தொழிலாளி தன் பதிவைத் தானே வைத்திருக்க வேண்டியிருக்கிறது: வேலை நின்ற நேரம், நிறுத்தச் சொன்னவர் யார், அவர் அனுப்பிய செய்தி, தளத்தின் படம், மாத முடிவில் சம்பளச் சீட்டில் அந்த மணித்தியாலங்கள் என்ன பெயரில் வந்திருக்கின்றன என்பது. சீட்டில் தவறு இருந்தால் முதலில் முதலாளிக்கு எழுத்தில் கேட்கலாம். பிறகு தொழில் பரிசோதகரிடம் போகலாம். முறையிட்டவர் யார் என்பதை அவர் முதலாளிக்கு வெளியிடக் கூடாது. அதற்கும் அசையாவிட்டால் தொழில் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே சம்பளப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகள் வரை கோரலாம். ஆகவே கடந்த மூன்று குளிர்காலங்களின் சம்பளச் சீட்டுகளை எறியாமல் வைத்திருப்பவர்கள், 'சம்பளமற்ற விடுப்பு' என்ற வரி எங்காவது பனி நாட்களில் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பார்க்கலாம்.